கண்ணாடிக்கு எத்தனை நாள் தவணை?

சென்ற இதழில், "பெரிய கடைகளிலும் ஆபீஸ்களிலும் கண்ணாடி துடைக்கிறார்களோ இல்லையோ, துடைத்ததாக பில் மட்டும் தவறாமல் வருகிறது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் முழுக்க, பெரும்பாலும் எத்தனை நாளைக்கு ஒருமுறை துடைக்கணும் என்கிற தவணைக் கேள்விதான். சென்னையில் 22 வருடமாகக் கண்ணாடி துடைக்கிற தொழில்தான் எனக்கு. முதல் 8 வருடம் வைப்பர் என் கையில் இருந்தது, அப்புறம் என் ஆட்கள் கைக்குப் போனது. ஆள் வராத நாளில் இப்போதும் என் கையில்தான். பெயர் போட வேண்டாம் என்று இரண்டு பேர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்குமே ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

திருநெல்வேலி, ஜவுளிக்கடை உரிமையாளர்: எங்கள் கடை மூன்று மாடி, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. கொட்டேஷன் கொடுத்தவர்களில் ஒருவர் மாதம் ஒருமுறை போதும் என்கிறார். இன்னொருவர் வாரம் இரண்டு முறை துடைக்காவிட்டால் கடை பார்க்கச் சகிக்காது என்கிறார். யார் சொல்வது சரி?

அண்ணாச்சி, ரெண்டு பேருமே உங்கள் கடையைப் பார்த்துச் சொன்ன மாதிரி தெரியவில்லை, அவரவர் ஆள் கணக்கைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். "முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி" என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அது மூன்று தனித்தனி வேலை.

முதலில் கதவு. ஒருநாள் சாயங்காலம் கூட்டம் இருக்கும்போது கதவுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து பாருங்கள். முதலாளி இப்படி உட்காரலாமா என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். கைப்பிடிக்குப் பக்கத்தில் உள்ளங்கை அச்சு, அதற்கு ஒரு சாண் மேலே விபூதிக் கை பட்ட தடம், இடுப்புக்குக் கீழே குழந்தைகள் மூக்கை அழுத்தி வேடிக்கை பார்த்த வட்டம், அதற்கும் கீழே மாப் போட்டவர் தெறிக்கவிட்ட அழுக்குத் தண்ணீர் காய்ந்த புள்ளி, எல்லாம் வரிசையாகத் தெரியும். இதைத் தினமும் காலையில் கடை திறக்கும் முன் ஒருமுறை துடைக்கணும், பண்டிகைக் கூட்டம் என்றால் மதியம் இன்னொரு முறை. இதற்கு எங்களைப் போல ஆள் வேண்டியதில்லை, உங்கள் கடைப் பையனுக்கு ஐந்து நிமிஷ வேலை. இதையும் ஒப்பந்தத்தில் சேர்த்து யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ரெண்டாவது, பொம்மைக்குப் பட்டுப்புடவை கட்டி நிறுத்தியிருப்பீர்களே, அந்தத் தரைத்தளத்து ஷோகேஸ். சாலைப் புழுதியும் பஸ் புகையும் அதிகம் படிவது அந்த உயரத்தில்தான். வெளிப்பக்கம் வாரம் ஒருமுறை, உள்பக்கம் மாதம் இருமுறை. ஆனால் ஆடிக்கு இந்தக் கணக்கு செல்லாது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வருகிற காற்றில் உங்கள் பக்கத்துக் காற்றாலையெல்லாம் சுற்றுகிற சமயம் அது. அம்மியே பறக்கும் என்கிறபோது புழுதி சும்மா இருக்குமா? அந்த மாதம் பார்த்துத்தான் நீங்களும் தள்ளுபடி போட்டு ஊரையே கூப்பிடுகிறீர்கள். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை வாரம் இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, மேல் ரெண்டு மாடி. அதைக் கிட்டே போய்ப் பார்க்கிறவர் யாருமில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும், அதில் ஒரு முறை தீபாவளிக்கு முன்னாலும் ஒரு முறை பொங்கலுக்கு முன்னாலும் விழுகிற மாதிரி தேதியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடை எந்தத் திசை பார்த்தது என்று எழுதவில்லை. கிழக்கு பார்த்த கடை என்றால் காலை 9 மணிக்கு, மேற்கு என்றால் மாலை 4 மணிக்கு, எதிர்ச் சாரியில் போய் நின்று பாருங்கள். வெயில் சாய்வாக விழும்போது கண்ணாடி ஒன்றையும் மறைக்காது. அந்த நேரத்தில் புடவையின் நிறம் தெரிந்தால் உங்கள் தவணை சரி. உங்கள் ஊர்ப் புழுதி மட்டும் தெரிந்தால் நாளைக் குறைக்கணும்.

இன்னொன்று, வெள்ளிக்கிழமைச் சந்தனம் குங்குமம். காய்ந்த குங்குமத்தை உலர்ந்த துணியால் இழுத்தால் கதவு முழுக்கச் சிவப்பாகிவிடும். ஈரத்துணியை ஒரு நிமிஷம் அதன் மேல் ஒத்தி வைத்து ஊறவிட்டு, அப்புறம் மேலிருந்து கீழே வழித்து எடுக்கச் சொல்லுங்கள். வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்த அன்று அடிக்கண்ணாடியில் தெறித்ததை அன்றே கழுவிவிடுங்கள், மறுநாளைக்கு வைக்காதீர்கள்.

கோயம்புத்தூர், பல் மருத்துவர்: கிளினிக்கைப் புது இடத்துக்கு மாற்றி ஒரு வருடம் ஆகிறது. வாரம் தவறாமல் கண்ணாடி துடைக்கிறோம். ஆனால் துடைக்கத் துடைக்க வெள்ளைப் புள்ளி கூடிக்கொண்டே போகிறது. இன்னும் அடிக்கடி துடைக்கணுமா?

வேண்டாம் டாக்டர், முதலில் நிறுத்துங்கள். பழைய இடத்தில் சிறுவாணித் தண்ணீர் வந்திருக்கும், புது இடத்தில் போர் தண்ணீராக இருக்கும். உங்கள் ஆள் அந்த உப்புத் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிடுகிறார். தண்ணீர் ஆவியாகிப் போகிறது, அதிலிருந்த சுண்ணாம்புச் சத்து கண்ணாடியிலேயே தங்கிவிடுகிறது. உங்களுக்குத் தெரியாததா, பல்லில் காரை படிகிற கதைதான். வாரம் ஒரு பூச்சு என்றால் இதற்குள் 50 பூச்சு ஆகியிருக்கும்.

தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள், பேனா அளவுதான் இருக்கும். குடிநீருக்கே லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயக் கணக்கு, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை விடுகிறார்கள். குடிக்க ஆகிற தண்ணீர் கண்ணாடியில் காய ஆகாது. நீளக் கம்பில் பிரஷ் மாட்டி, கழுவி அப்படியே காயவிடுகிற வேலைக்கு நாங்கள் 10-க்குக் கீழே உள்ள தண்ணீரைத்தான் எடுக்கிறோம். (பில்லில் வரியாகப் பிடிக்கிற டிடிஎஸ் வேறு, அதைக் குறைக்க என்னிடம் மீட்டர் இல்லை.) உங்கள் அளவுக்கு ஒரு பக்கெட் ஆர்ஓ தண்ணீர் போதும். ஆனால் ஆர்ஓ மெஷினிலிருந்து குழாய் வழியே வெளியேறுகிற கழிவுத் தண்ணீரைச் சிக்கனம் என்று பிடித்து அதில் கண்ணாடி துடைக்கிற வழக்கம் நிறைய இடத்தில் இருக்கிறது. போர் தண்ணீரைவிட அதில்தான் உப்பு அதிகம்.

இப்போது இருக்கிற புள்ளிக்கு வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்து ஐந்து நிமிஷம் ஒட்டவைத்து எடுங்கள். கீழே மார்பிள் தரை என்றால் முதலில் பிளாஸ்டிக் விரியுங்கள், வினிகர் சொட்டினால் மார்பிள் பளபளப்பு போய்விடும். அதற்கும் போகவில்லை என்றால் உப்பு கண்ணாடியை அரித்திருக்கிறது என்று அர்த்தம், சீரியம் ஆக்ஸைடு போட்டு பாலிஷ் பிடிக்கிற ஆளைத்தான் கூப்பிடணும். பாத்ரூம் ஆசிட் பக்கம் மட்டும் போகாதீர்கள், அலுமினிய ஃப்ரேமை அது தின்றுவிடும். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரையும் கலந்தால் குளோரின் வாயு வரும் என்பதை உங்கள் ஆளுக்கு நீங்களே ஒருமுறை சொல்லிவிடுங்கள், நான் சொன்னால் கேட்க மாட்டார்.

தண்ணீரை மாற்றிய பிறகு 15 நாளுக்கு ஒருமுறை போதும்.

சென்னை, ஒரு வாசகர்: மழைக்காலத்தில் கண்ணாடியை மழையே கழுவிவிடுமே, எதற்கு ஆள் வைத்துத் துடைக்கணும்?

மழைத் தண்ணீரில் உப்பு கிடையாது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆறு மாதப் புழுதி ஏறிய கண்ணாடியில் மழை பெய்தால் அழுக்கு கோடுகோடாக இறங்கும், கழுவாது. புழுதி இல்லாத கண்ணாடியில் பெய்தால் கழுவிவிடும். அதனால்தான் மழை தொடங்கும் முன் செப்டம்பரிலேயே துடைத்துவிடுங்கள் என்கிறேன்.

சென்னை ஓஎம்ஆர், ஃபெசிலிட்டி மேனேஜர்: எங்களுடையது ஒன்பது மாடி ஐடி கட்டடம். வெளிக்கண்ணாடியை வருடத்துக்கு நான்கு முறை சுத்தம் செய்கிறோம், செலவைக் குறைக்க இரண்டாக்கச் சொல்கிறது நிர்வாகம். வாசலிலேயே மெட்ரோ வேலை நடக்கிறது. எப்படிப் புரியவைப்பது?

சார், நிர்வாகத்தோடு சண்டை போடும் முன் போன வருட பில்களை எடுத்துத் தேதியைப் பாருங்கள். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்று காலாண்டுக் கடைசியில்தானே இருக்கும்? அது அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட்டின் காலண்டர். டிசம்பரில் ரெண்டு மழைக்கு நடுவே அவசரமாகத் துடைத்திருப்பீர்கள். அடுத்த மூன்றாவது வாரம் போகி. விடிய விடிய எரித்த புகையும் கரியும் பனியோடு சேர்ந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். நான்கில் ஒரு சுற்றுப் பணம் அங்கேயே போச்சு.

என் யோசனை, முழுக் கட்டடத்துக்கும் வருடம் மூன்று. பொங்கல் முடிந்து ஜனவரி கடைசி வாரம் ஒன்று, மே கடைசியில் ஒன்று, வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பர் கடைசியில் ஒன்று. நிர்வாகத்துக்கும் நான்கிலிருந்து குறைந்த திருப்தி.

மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மூன்று வழித்தடம், மொத்தம் கிட்டத்தட்ட 119 கிலோமீட்டர். அதில் ஒன்று உங்கள் வாசல் வழியாக சிறுசேரி சிப்காட்டுக்குப் போகிறது. அதனால் வருகிற தூசி சாதாரணப் புழுதி இல்லை, அதில் சிமெண்ட் இருக்கிறது. சிமெண்ட் ஈரமானால் காரம், மாதக்கணக்கில் விட்டால் கண்ணாடியை அரிக்கும், அப்புறம் எந்தத் துணிக்கும் மசியாது. இந்தத் தூசி அதிகம் படிவது கீழ்த் தளங்களில்தான். ஆகவே வேலை முடிகிறவரை கீழே மூன்று மாடிக்கு மட்டும் மாதம் ஒரு கழுவல் தனியாகப் போடுங்கள். தரையில் நின்று கம்பில் பிரஷ் மாட்டிச் செய்கிற வேலை. கயிறு வேண்டாம், கிரேடில் என்கிற தொங்குமேடையும் வேண்டாம், சனிக்கிழமை ஒரு நாளில் ரெண்டு பேர் முடித்துவிடலாம். ஒன்பது மாடிக்கும் ஆள் இறக்குகிற செலவோடு இதை ஒப்பிட்டுக் காட்டினாலே நிர்வாகம் கேட்கும்.

ஒட்டிய சிமெண்ட்டை பிளேடு போட்டுச் சுரண்டவிடாதீர்கள். வெளிப்பக்கம் பூச்சு உள்ள ரிஃப்ளெக்டிவ் கண்ணாடியும் உண்டு, பிளேடு பட்டால் பூச்சு போயே போச்சு. பல வருடத்துக்கு முன் ஒரு ஆபீஸில் என் ஆள் நல்லது செய்வதாக நினைத்து அப்படிச் சுரண்டினான். மூன்று பேனல். கைக்காசு போட்டு மாற்றிக் கொடுத்தேன், அந்த வருடம் வீட்டில் தீபாவளி ரொம்ப எளிமை. கண்ணாடி கம்பெனி கொடுத்த பராமரிப்புத் தாள் உங்கள் ஃபைலில் எங்காவது இருக்கும், முதலில் அதைத் தேடி எடுங்கள்.

தூத்துக்குடி, ஓட்டல் நடத்துபவர்: பீச் ரோட்டுப் பக்கம் ஏசி ஹால். தினமும் காலையில் பேப்பர் போட்டுத் துடைத்தும் சாயங்காலத்துக்குள் கண்ணாடி மங்கிவிடுகிறது. என்ன செய்ய?

மங்கல் உள்ளேயா வெளியேயா என்று முதலில் பாருங்கள். உள்ளே விரலால் நெடுக ஒரு கோடு, வெளியே அதற்குக் குறுக்கே ஒரு கோடு. எது பளிச்சென்று தெரிகிறதோ அந்தப் பக்கம்தான் அழுக்கு. உங்களுக்கு ரெண்டும் தெரியும் என்று நினைக்கிறேன்.

வெளியே கடல் காற்றும் உப்பளமும் கொண்டுவருகிற உப்பு. உப்பு ஈரத்தை இழுக்கும், ஏசி குளிரில் கண்ணாடி வேறு வெளிப்பக்கம் வியர்க்கும், அதன் மேல் தூசி படிந்தால் சாந்துதான். அதைக் காய்ந்த பேப்பரால் தேய்ப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரி. தினமும் நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கரைத்து இறக்கிவிட்டு, வைப்பர் ஒரு இழுப்பு இழுங்கள். தேய்த்துக் கழுவுவது வாரம் இரண்டு முறை. உள்ளே இருப்பது தோசைக்கல் எண்ணெய்ப் புகை. அதன் மேல் ஸ்ப்ரே அடித்தால் எண்ணெய் இடம் மாறுமே தவிர போகாது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற லிக்விட் ரெண்டு சொட்டு விட்டு, அடுப்படிப் பக்கம் தினமும், மற்றது வாரம் இரண்டு முறை துடைக்கச் சொல்லுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கையில் கை வைத்துப் பார்த்து எத்தனை நாள் ஆச்சு?

திருச்சி, ஒரு இளைஞர்: அண்ணா, நானும் நண்பனும் மூன்று மாதமாக இந்தத் தொழிலில் இருக்கிறோம். கஸ்டமர் எடுத்ததும் கேட்பது "எத்தனை நாளைக்கு ஒருக்கா வருவீங்க?" என்றுதான். எதையாவது உளறிவிடுகிறேன். என்ன பதில் சொல்வது?

தம்பி, "முதல் தடவை துடைச்சிட்டுச் சொல்றேன்" என்பதுதான் பதில். முதல் வேலையை முழு ரேட்டில் செய்யுங்கள். அப்புறம் 7-ஆம் நாள், 15-ஆம் நாள், 30-ஆம் நாள் அந்தப் பக்கம் போகும்போது அதே கண்ணாடியை, அதே நேரத்தில், அதே இடத்தில் நின்று செல்போனில் படம் எடுங்கள். மூன்று படத்தையும் கஸ்டமரிடம் நீட்டுங்கள். எந்தப் படத்தைப் பார்த்து முகம் சுளிக்கிறாரோ அதற்கு முந்தைய படம்தான் அவருடைய தவணை. நீங்கள் வாயைத் திறக்கவே வேண்டாம்.

அதற்கு முன் மனசில் ஒரு கணக்கு இருக்கட்டும் என்றால், பேக்கரி, செல்போன் கடை, நகைக்கடை எல்லாம் வாரம். வங்கிக் கிளை 15 நாள். கார் ஷோரூம் வாரம் இரண்டு, ஏனென்றால் அங்கே விற்கிற சரக்கே பளபளப்புதான். ரெண்டாவது மாடியில் இருக்கிற ஆடிட்டர் ஆபீஸுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றாலே அதிகம், அங்கே யாரும் தலை நிமிர்ந்து ஜன்னலைப் பார்ப்பதில்லை. கல்யாண மண்டபத்துக்கு வாரக் கணக்கு செல்லாது, பஞ்சாங்கத்தைப் பாருங்கள். முகூர்த்தத்துக்கு முதல் நாள் கீழ்க்கண்ணாடி, கல்யாணமே இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் முழு மண்டபம்.

ரேட் விஷயத்தில் நான் பட்டதை நீங்கள் படவேண்டாம். ஒரு பெரிய நகைக்கடை, "மாசா மாசம் வரணும், அதுக்கேத்த மாதிரி குறைச்சுக் கொடுங்க" என்று என்னிடம் மாத ரேட் வாங்கியது. அப்புறம் கூப்பிட்டது பண்டிகைக்குப் பண்டிகைதான். நாலு மாத அழுக்கு, அதன் மேல் ஆஃபர் ஸ்டிக்கர் கிழித்த பசை. ஒரு மணி நேரம் என்று கணக்குப் போட்ட வேலைக்கு ரெண்டரை மணி நேரம் ஆனது, ரேட் மட்டும் அதே ரேட். ஆகவே கொட்டேஷனில் வாரம், மாதம், மூன்று மாதம் என்று மூன்று விலை எழுதுங்கள். இடைவெளி கூடக் கூட ஒரு தடவைக்கான விலையும் கூடணும். தேதி தாண்டிக் கூப்பிட்டால் அடுத்த இடைவெளிக்கான விலை என்றும் அதிலேயே எழுதிவிடுங்கள். ஸ்டிக்கர் பசைக்குத் தனி ரேட். வருட வரவு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வந்துவிடும், இந்த வேலைக்கு 18 சதவீதம், அதனால் வரி தனி என்று இப்போதிருந்தே போட்டுப் பழகுங்கள்.

வைப்பர் ரப்பரை மாற்றக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். இத்தாலியிலிருந்து அமெரிக்கா போன எட்டோரே ஸ்டெக்கோனே என்பவர் 1936-இல் காப்புரிமை வாங்கியதிலிருந்து இந்தக் கருவி பெரிதாக மாறவில்லை. ஒரு பிடி, ஒரு சட்டம், ஒரு ரப்பர், அவ்வளவுதான், வித்தையெல்லாம் அந்த ரப்பரின் ஓரத்தில் இருக்கிறது. ஓரம் மழுங்கினால் கோடு விழும். கோட்டைக் கண்ட கஸ்டமர் ரப்பரை நினைக்க மாட்டார், "அதுக்குள்ள அழுக்காயிடுச்சே, வாரம் ரெண்டு தடவை வாங்க, அதே காசுக்கு" என்பார்.

சென்னை வில்லிவாக்கம், ஒரு வாசகி: என் கணவர் உயரமான கட்டடங்களில் கயிற்றில் இறங்கி கண்ணாடி துடைக்கிறார். மார்ச் வந்தால் ஞாயிற்றுக்கிழமைகூட வேலை. "வருஷத்துக்கு நாலு தடவைன்னு எழுதியிருக்காங்க, 31-க்குள்ள முடிக்கணும்" என்கிறார். காற்றடித்தாலும் இறங்கச் சொல்கிறார்களாம். நான் அவரிடம் என்னவெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளணும்?

அம்மா, ஓஎம்ஆர் சாருக்குச் சொன்ன அதே காலாண்டுக் கணக்குதான் உங்கள் வீட்டுக்காரரையும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறது. கண்ணாடிக்கு மார்ச் 31-ம் ஒன்றுதான், ஏப்ரல் 10-ம் ஒன்றுதான். பட்ஜெட்டில் ஒதுக்கிய பணம் காலாவதி ஆகிவிடும் என்று அவசரப்படுகிறார்கள். நானும் அப்படி ஆள் இறக்கியிருக்கிறேன், மறைக்கவில்லை. ஒருநாள் மதியம் காற்றில் என் ஆள் கண்ணாடியை விட்டு விலகி, சுற்றிக்கொண்டு போய் முதுகால் சுவரில் மோதினான். அடி பெரிதாக இல்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த ஒப்பந்தத்திலிருந்து "காற்று, மழை என்றால் தேதி தள்ளும், தடவை குறையாது" என்று ஒரு வரி சேர்த்தேன். ஒரே ஒரு கம்பெனிதான் அதற்காக என்னை விட்டுப் போனது.

கேட்க வேண்டியது இதுதான். இறங்கும்போது கயிறு ஒன்றா ரெண்டா? உட்கார்ந்து வேலை செய்ய ஒன்று, விழுந்தால் பிடிக்க ஒன்று, ரெண்டும் வேறு வேறு இடத்தில் கட்டியிருக்கணும், ஒரே தண்ணீர்த் தொட்டிக் காலில் ரெண்டையும் கட்டக்கூடாது. கைப்பிடிச் சுவரின் விளிம்பில் கயிறு உரசும் இடத்தில் உறை போட்டிருக்கிறார்களா? உடம்பில் மாட்டுவது தோள், தொடை எல்லாம் சேர்த்துப் பிடிக்கிற ஃபுல் பாடி ஹார்னஸா, வெறும் இடுப்பு பெல்ட்டா? ஹார்னஸில் தைத்திருக்கிற லேபிளில் ஐஎஸ் 3521 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா? அவர் தொங்கும்போது மொட்டைமாடியில் கயிற்றுப் பக்கத்தில் ஆள் நிற்கிறாரா, டீ குடிக்கப் போய்விடுகிறாரா?

அப்புறம் ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீடு. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற நிறுவனமாக இருந்து, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் பதிந்திருக்கணும். அவர் பெயரில் எண் இருக்கிறதா என்று கேளுங்கள், "கம்பெனி பார்த்துக்கும்" என்பது பதில் ஆகாது. காற்று அடிக்கிற அன்று "இன்னிக்கு இறங்க முடியாது" என்பதை வாயால் சொல்லிவிட்டு விட வேண்டாம், சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸாகப் போடச் சொல்லுங்கள், தேதியும் மணியும் அதிலேயே நின்றுவிடும்.

இன்று ராத்திரியே கேளுங்கள். கயிறு ஒன்றுதான் என்று சொன்னால் அடுத்த இதழுக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்காதீர்கள், பத்திரிகை ஆபீஸில் என் நம்பரை வாங்கிக் கூப்பிடுங்கள்.